மொறுமொறுப்புக்கு ஒரு வார்த்தை

ரொட்டிகளுக்கு நடுவே பன்றி இறைச்சியும் சீஸும் வைத்துச் சுடுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘குரோக் முசியே’ என்பார்கள். ‘குரோக்’ என்றால் மொறுமொறுவென்று கடிப்பது. மார்சல் புரூஸ்த் 1919-ல் வெளிவந்த நாவலிலேயே இதைப் பரிமாறிவிட்டார்.

அணுபுரத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இறைச்சிக்குப் பதில் காளான் வைத்தால் இது போலியாகிவிடுமா? ஆகாது என்பேன். பக்கத்துக் கல்பாக்கத்தில் 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலைக்குப் பிரான்சின் ராப்சோடி உலைதான் மாதிரி. எரிபொருளை நம்மவர்கள் கார்பைடாக மாற்றிக்கொண்டார்கள். அதனால் உலை உலையாக இல்லாமல் போய்விடவில்லை.

ஆனால், வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டுக் கிண்டிய வெள்ளைக் குழம்பை ரொட்டிமேல் தடவி, துருவிய சீஸ் பொன்னிறமாகும் வரை சூட்டில் வைக்கப் பொறுமையில்லாமல், தொய்ந்த ரொட்டியை அந்தப் பெயரில் நீட்டினால் ஒப்பமாட்டேன். உள்ளே இருப்பதை மாற்றலாம். பெயர் கொடுத்த வாக்கை மாற்றக்கூடாது.