மடியில் ஏறும் வெள்ளை எலி

எலி என்றாலே லயத்தில் விளக்குமாற்றைத் தேடுவோம். தகரக் கூரையடியில் இரவெல்லாம் தடதடப்பதுதான் நமக்குத் தெரிந்த எலி. ஹட்டன் பக்கத்துக் காம்பரா ஒன்றில், கம்பிக் கூட்டில் வளரும் இரண்டு வெள்ளை எலிகளைக் கையில் ஏந்திய பிறகு எனக்கு அந்தச் சொல்லே இனித்துவிட்டது. மடியில் வைத்தால் என்ன வெதுவெதுப்பு! பிஞ்சு விரல்கள் மணிக்கட்டைப் பற்றிக்கொள்ள, மீசை துடிதுடித்து நம் வாசனையைப் படிக்கும். முதுகை வருடினால் பல்லோடு பல் உரசி மெல்ல நறநறக்கும். கோபமல்ல, மனம் நிறைந்த ஒலி. அப்போது கண்மணிகளும் லேசாகத் துள்ளும்.

இந்த நெருக்கம் ஒரே நாளில் வராது. மேலிருந்து கையை நீட்டினால் பருந்து பாய்ந்ததுபோல் பதறும். விரல் நுனியில் நாலு பருக்கை சோற்றோடு, கீழிருந்து, அசையாமல் காத்திருக்க வேண்டும். ஒற்றையாக வளர்த்தால் ஏங்கிப்போகும். ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் எனச் சோடியாக வேண்டும். நெஞ்சு மென்மையான பிராணி. அதனால் பனி இறங்கும் சன்னலோரமும் ஆகாது, அடுப்புப் புகையும் ஆகாது, படுக்கை ஈரம் கோக்கவும் விடக் கூடாது. கிழித்துப் போட்ட பழைய கம்பளித் துண்டுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விப்போய், மடித்து, திணித்து, நடுவில் கிண்ணம்போல் குழித்து இரண்டும் சுருண்டுகொள்ளும். மொத்த ஆயுளே 2, 3 வருடம்தான். வெளியே மழை பெய்ய, அந்தக் கம்பளிக் குழிக்குள் ஒன்றின் காதை மற்றது நக்கிக்கொண்டிருக்கிறது.