சட்டம் வாங்க ஆளிருக்கிறதா?

கூத்துப் பார்க்க ஆளில்லை, ஆகவே விடியவிடிய ஆடுவதை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்கி மேடையேற்றினால்தான் அது பிழைக்கும் என்பது இப்போது மட்டக்களப்புக் கருத்தரங்குகளில் வேதவாக்கு. பேசுகிறவர்கள் கணக்கெடுப்பது கதிரையில் இருப்பவரைத்தான். காலில் சதங்கை கட்டி நிற்பவரை யாரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இந்த எண்ணத்தின் ஊற்று பேராதனைப் பல்கலைக்கழகம். அங்கே நாடகாசிரியர் சரச்சந்திர 1956இல் சிங்கள நாட்டார் அரங்கான நாடகமவிலிருந்து ‘மனமே’யைச் செய்து காட்டிய பிறகு பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம் கூத்துக் களரிகளின் பக்கம் திரும்பினார். 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, பிறகு அப்போது மாணவராயிருந்த மௌனகுரு இராவணனாக ஆடிய ‘இராவணேசன்’. இவற்றைப் பார்த்துத்தான் படித்தவர்கள் கூத்தைக் கலை என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் நாடக வரலாறுகளில் நெறியாளரின் பெயர் பெரிதாக நிற்க, மாணவர்களின் காலுக்குத் தாளம் பழக்கிய வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் ஒரு வரிக்குள் முடிந்துபோகிறார். வட்டக் களரி ஒருபக்க மேடையானபோது கூத்து, பார்ப்பவரின் சொத்தாகிவிட்டது.

கூத்தின் இரு ஆட்டமுறைகளில் வடமோடியா தென்மோடியா உயர்ந்தது என்ற வழக்கும் பார்ப்பவர் கண்ணால் நடப்பதுதான். வடமோடி பாரத, இராமாயணக் கதைகளையும் போரையும் கூடுபோல் விரிந்த கரப்புடுப்பின் பாரத்தோடு ஆடும். தென்மோடி பெரும்பாலும் கற்பனைக் கதை, காதல், இலேசான உடுப்பு, நுணுக்கமான காலடி, இழுத்துப் பாடும் பாட்டு. வித்தியானந்தன் தென்மோடி ஏடான ‘அலங்காரரூப’னைப் பதிப்பித்தார் என்பது உண்மை. ஆனால் மேடைப் புகழ் பெரும்பாலும் வடமோடிக்கே போய்ச் சேர்ந்தது. தென்மோடிதான் உயர்ந்தது என்று நான் சண்டைக்குப் போன காலமும் உண்டு. இப்போது அது வீண் சண்டையாகப் படுகிறது. ஊரில் பாட்டுக்காரர் நாலு பேர் இருந்தால் ஒரு மோடி, தோள்வலுவுள்ள இளந்தாரிகள் இருபது பேர் நின்றால் மற்றது. இருக்கிற ஆளைப் பார்த்துத்தான் மோடி.

அந்த ஆளைச் சேர்க்கும் முறையைத்தான் நம் ஆய்வாளர்கள் அவசரமாகக் கடந்து போகிறார்கள். மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ அதற்கு விலக்கு. முதலில் சட்டம் கொடுத்தல். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்க அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடல்வாகையும் பார்த்து, இவன் தருமன், இவன் வீமன் என்று பாட்டெழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், வாரந்தோறும் கிழமைக்கூத்து, முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அதன் பின்பே அரங்கேற்றம். அதோடும் முடியாது, வீட்டுக்கு வீடு ஆடுவார்கள். இத்தனை மாதத்தில் கதிரைக்காரருக்கு உரியது ஓர் இரவு. மிச்சமெல்லாம் ஆடுகிறவர்களுக்கு. பகலில் வயலில் நின்றவன் இரவில் தருமனாகி, வீமனோடு சொற்போரிட்டு, விடிந்ததும் மறுபடி வயலுக்குப் போவான். ஊர் அவனை வேடப் பெயராலேயே கூப்பிடத் தொடங்கும்.

வேடத்தில் வாழ்பவருக்கே உரிய இந்தச் சுகத்தை வெள்ளைக்காரர் பிந்தித்தான் கண்டுபிடித்தார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர், ஆளுக்கொரு வேடம், கதையை நடத்த ஒருவர். ஏட்டுக்குப் பதில் பகடை, பாட்டுக்குப் பதில் பேச்சு. பிறகு விதிப்புத்தகங்கள் பெருகி, எந்த முறை சிறந்தது என்ற சச்சரவும் பெருகியது. அவர்களுக்கும் தீராத குறை, குறித்த கிழமையில் எல்லாரையும் ஓரிடத்தில் சேர்ப்பதுதான். பார்க்க ஆளில்லையே என்று அந்த மேசையில் இருந்து யாரும் அழுததில்லை.

நம் களரியை வெறுமையாக்கியது அலுப்பல்ல. போர் ஒரு தலைமுறையைத் தின்றது. மிச்சத்தை மத்திய கிழக்கு வாங்கிக்கொண்டது. மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபோது பாதைப் படகுக்குக் காத்திருக்கும் வேலை போனது, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்கு வாகனம் நேரே போகிறது. ஆனால் சட்டம் வாங்க வேண்டிய வயதுக்காரன் கட்டாரில் நிற்கும்போது பாலம் என்ன செய்யும்? ஒன்றரை மணிச் சுருக்கம்தான் என்ன செய்யும்? அது ஆடுகிறவனின் மாதங்களையும் சேர்த்தல்லவா வெட்டுகிறது.

ஆகவேதான் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் மட்டக்களப்பின் சீலாமுனை ஊர் மக்களும் 2000களின் தொடக்கத்தில் தொடங்கிய கூத்து மீளுருவாக்கத்தை நான் பேராதனைக்கு மேலே வைக்கிறேன். கூத்தை அவர்கள் ஊரைவிட்டுப் பெயர்க்கவில்லை. ஏட்டில் பெண்ணையும் சாதியையும் இழிவுசெய்யும் இடங்களை ஆடுகிறவர்களோடேயே இருந்து பேசித் திருத்தினார்கள். களரி களரியாகவே இருந்தது. அங்கே சில பிசிறுகள் உண்டு, பேச்சு நீண்டு ஆட்டம் தளர்ந்த வேளைகளும் உண்டு. என்றாலும் எண்ண வேண்டிய ஆளை எண்ணியவர்கள் அவர்கள்தான்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அரங்கேற்றம் எப்போது என்று விசாரிக்காதீர்கள். சட்டம் கொடுக்கும் நாளைக் கேட்டறிந்து போங்கள், அன்றைக்குத்தான் ஆள் குறைவு.