பிறைத்துண்டில் ஒரு பொம்மை

கட்டிங் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு வைத்து வெட்டும்போது கழுத்து வளைவிலிருந்து ஒரு பிறைத்துண்டு விழும். தோளுக்கும் கைக்கும் நடுவிலிருந்து நீண்ட முக்கோணம் விழும். திருப்பூரில் இதற்குப் பெயர் கட்டிங் வேஸ்ட். வண்டி துடைக்கவும், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணிக்கும், தலையணைக்குள் அடைக்கவும், பிள்ளைக்குப் பந்து கட்டிக் கொடுக்கவும் இந்தத் துண்டு எங்கள் வீடுகளில் எப்போதும் கிடந்திருக்கிறது. இப்போது அது பிறந்தநாள் பரிசாகவும், பள்ளிகளின் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டிப் பொருளாகவும் ஆகியிருக்கிறது. நான் இந்த வழக்கத்தின் பக்கம் நிற்பவன். ஆனால் காசு செலவில்லை, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று இதற்காகச் சொல்லப்படும் இரண்டு நியாயங்களையும் இந்த ஊரில் வைத்துத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் துணியின் குணம். பனியன் துணி பின்னப்பட்டது. நெய்த துணி போல ஓரத்தில் இழை இழையாகப் பிரிந்து வராது. அதனால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை, கத்தரி பிடிக்கத் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளையே வேலையை முடித்துவிடலாம். சிங்கிள் ஜெர்சியைக் குறுக்கே நாடாவாக வெட்டி இழுத்தால் ஓரங்கள் தாமாகவே சுருண்டு கயிறாகிவிடும். அதைப் பின்னலாம், உருட்டிப் பந்தாக்கலாம், பொம்மைக்குச் சடையாக்கலாம். குழந்தையின் கைக்கு இவ்வளவு இணங்கிப் போகும் கழிவு வேறு எந்தத் தொழிலிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குறையும் அதே குணத்தில்தான் இருக்கிறது. இழுபடும் துணியில் செய்த பொம்மை நாளாக ஆக வயிறு தள்ளி உருக்குலைகிறது. உள்ளே துணித்துண்டையே அடைத்தால் கனக்கிறது. துவைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது.

சுற்றுச்சூழல் நியாயத்துக்கு வருவோம். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் குப்பைக்குப் போகும் பொருளல்ல. நிறம் பிரித்து, கிலோ கணக்கில் விலை பேசி வாங்கிப் போகிறார்கள். பருத்தித்துண்டைப் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கும் ஓ.இ. மில்கள் வெள்ளக்கோவில் பக்கத்திலேயே ஓடுகின்றன. சுத்தமான வெள்ளைத் துண்டுக்கு மதிப்பு அதிகம். அந்தத் துண்டை எடுத்து, பசைத் துப்பாக்கியால் ஒட்டி, பிளாஸ்டிக் கண் பதித்து, பாலியஸ்டர் பஞ்சு அடைத்தால் மறுபடி நூலாகும் வழி அடைபட்டுப் போகிறது. அந்தப் பொம்மை கடைசியில் சேருமிடம் குப்பைமேடுதான். நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவு என்ன செய்தது என்பதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இந்த ஊருக்கு மறந்திருக்காது. அந்தக் கணக்கின் எதிரே பள்ளிக்கூட அட்டையில் ஒட்டிய நாலு பூவை வைத்துப் பூமியைக் காத்ததாகப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. லைக்ரா கலந்த துண்டு, எலாஸ்டிக் மிச்சம், தவறாக அச்சான லேபிள் போன்றவை மில்லுக்கு ஆகாதவை. கைவேலைக்கு அவற்றைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது ஊசி. ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கும்வரை தேடி, பதிவேட்டில் ஒட்டி வைப்பார்கள். குழந்தைகள் உடுப்பு ஊசி கண்டறியும் இயந்திரத்தின் வழியாகப் போய்த்தான் பெட்டிக்குள் ஏறும். வெளிநாட்டுக் குழந்தைக்கு இந்தக் காவல் உண்டு. தையல் தளத்தில் கூட்டி அள்ளிய துண்டில் நம் வீட்டுக் குழந்தைக்குச் செய்யும் பொம்மைக்கு அது கிடையாது. கட்டிங் மேசைத் துண்டு பரவாயில்லை. தையல் தளக் கூட்டலை மூட்டையோடு தொடாமல் விடுவதே சரி. விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் செய்து கொடுப்பதை யாரும் சோதிக்கப் போவதில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பட்டனும் மணியும் வேண்டாம், கண்ணை நூலில் தைத்துவிடுங்கள். ரப்பர் போல மேலே தடித்து நிற்கும் அச்சுள்ள துண்டை வாயில் வைக்கும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது ‘செலவில்லை’ என்ற சொல். இங்கே வேலையை ஷிஃப்டில் எண்ணுகிறார்கள். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவு வீடு வரும் தாய், மறுநாள் பிள்ளை பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய பொம்மையை உட்கார்ந்து தைக்கிறாள். பகல் முழுக்க ஓவர்லாக் தையல் மெஷினில் ஓடிய அதே விரல்கள். துணி இனாம்தான், அவள் தூக்கம் இனாமில்லை. போட்டியில் பரிசு வாங்குவதும் பெரும்பாலும் பெரியவர் கைநேர்த்திதான். பிள்ளையின் கோணல் தையல் பின்வரிசையில் நிற்கிறது. டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலையில் ஒரு காலத்தில் சிறுவர் சிறுமியர் நின்ற ஊர் இது. இங்கே பிள்ளை கையில் துணியையும் ஊசியையும் கொடுப்பது விளையாட்டுக்காக மட்டுமே இருக்க வேண்டும். எண்ணிக்கையோ கெடுவோ வைத்துச் செய்யச் சொன்னால் பிறகு அதற்கு வேறு பெயர்.

நன்றாக நடந்த முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம், மீனவப் பெண்களைக் கொண்டு தொழிற்சாலைத் துணிக்கழிவில் விரல் அளவே உள்ள ‘சுனாமிகா’ பொம்மையைச் செய்வித்தது. அதற்கு விலை கிடையாது, அன்பளிப்பாக மட்டுமே கைமாறும். செய்த பெண்களுக்கு நன்கொடையிலிருந்து கூலி கிடைத்தது. துண்டு எவ்வளவு சிறிதோ அந்த அளவுக்கே பொம்மையை வடிவமைத்ததை நல்ல வடிவமைப்பு என்பேன். உழைப்பை இலவசமாகக் கேட்காததை அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற பொம்மைக் கலைஞர் அரவிந்த் குப்தாவின் வழி வேறு. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு அவர் செய்து காட்டியவை பிரித்துப் போட்டு மறுபடி சேர்க்கக் கூடியவை. ஷோகேஸில் வைத்து, தொடாதே என்று சொல்லும் பொம்மை அந்த வகையில் சேராது.

நுங்குக் கூந்தலில் வண்டி செய்து ஓட்டிய பிள்ளைகளுக்கு யாரும் பரிசு தரவில்லை, தாங்களே செய்துகொண்டார்கள். பிறந்தநாளுக்கு முடித்த பொம்மைக்குப் பதிலாக, மழுங்கிய முனைக் கத்தரி ஒன்றும், துவைத்துக் காயவைத்த லைக்ராத் துண்டு ஒரு பையும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். முதல் நாடாவை இழுக்கும்போது அது கைக்குள்ளேயே சுருண்டு கயிறாவதைப் பார்த்ததும், பிள்ளை அடுத்த துண்டைத் தானே எடுக்கும்.