இரண்டு புள்ளியும் இருபது வருடமும்

2012 ஜூலை 30. லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்று முடிந்தபோது பலகையில் நின்ற கணக்கு இது: ருமேனியாவின் ஆலின் மோல்தோவியானு 702.1, இத்தாலியின் நிக்கோலோ காம்பிரியானி 701.5, நம் ககன் நாரங் 701.1. வெண்கலம் வந்தது என்று ஊரே கொண்டாடியது. கணக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. தகுதிச் சுற்றின் 60 குண்டுகளில் முதல் இருவரும் 600க்கு 599 எடுத்திருந்தார்கள். நாரங் எடுத்தது 598. இறுதிச் சுற்றின் பத்துக் குண்டுகளுக்கு மோல்தோவியானு 103.1 எடுத்தார். நாரங்கும் அதே 103.1தான். பதக்கப் போட்டியில் தங்கம் வென்றவருக்கு இணையாகச் சுட்ட ஒருவர், தகுதிச் சுற்றில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு புள்ளிகளை விட்டதால் மூன்றாம் இடத்தில் நின்றார்.

அடுத்த ஆண்டே விதி மாறியது. 2013 முதல் தகுதிச் சுற்றுப் புள்ளிகள் இறுதிச் சுற்றுக்கு வருவதில்லை. எட்டுப் பேரும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறார்கள். கடைசி இடத்தில் இருப்பவர் ஒவ்வொருவராக வெளியேற வேண்டும். இந்த விதி ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் லண்டனில் நாரங் தங்கத்துக்காகச் சுட்டிருக்கலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனாலும் பழைய முறைதான் ரைஃபிள் வீரரைச் சரியாக எடைபோட்டது என்பது என் கருத்து. நம்மவருக்குப் பாதகமாக முடிந்த கணக்கை வைத்தே இதைச் சொல்கிறேன்.

காரணம், இந்த விளையாட்டு எதை அளக்கிறது என்பதில் இருக்கிறது. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அது அந்தப் புள்ளியைத் தொட்டால் பத்து. ஒருமுறை தொடுவது பெரிய காரியமில்லை. நல்ல ரைஃபிளும் ஆறு மாதப் பயிற்சியும் இருந்தால் யாரும் தொடலாம். அறுபது முறையும் தொடுவதுதான் விளையாட்டு.

ஒரு வீரர் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்கிறார். இடது இடுப்பு முன்னே தள்ளியிருக்கிறது, முதுகு பின்னால் சாய்ந்து திரும்பியிருக்கிறது, இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றியிருக்கிறது. ஐந்து கிலோவுக்கு மேல் எடை உள்ள ரைஃபிளைத் தசை தாங்கினால் நடுங்கும். அதனால் எலும்பின் மேல் ஏற்றிவிடுகிறார். தடித்த ஜாக்கெட், தட்டையான அடியுள்ள ஷூ, ஒரு கண்ணுக்கு மறைப்பு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகிறார். குறி நிற்கிறது, சுடுவார் என்று நாம் காத்திருக்கிறோம். அவர் சுடவில்லை. ரைஃபிளை இறக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். ஏதோ ஒன்று சரியில்லை. அது என்ன என்று அவருக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். விசையை அழுத்தும் திறமையைவிட, அழுத்தாமல் இறக்கி வைக்கும் திறமை வருவதற்குத்தான் வருடங்கள் ஆகின்றன. 75 நிமிடத்துக்குள் 60 குண்டு என்ற கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது இன்னும் கடினம்.

இதைச் சோதிப்பது தகுதிச் சுற்று. அங்கே போன புள்ளியைத் துடைத்துவிட்டு, கடைசி இருபத்து நான்கு குண்டுகளை மட்டும் வைத்துச் சாம்பியனைத் தேர்ந்தெடுத்தால், வீரருடைய உண்மையான உழைப்பில் பெரும்பங்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். புதிய முறைக்கு ஒரு நியாயம் இருப்பதை மறுக்கமாட்டேன். பழைய இறுதிச் சுற்றுகளில் பாதி, தொடங்கும் முன்பே முடிந்திருக்கும். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. ஒலிம்பிக்கில் தாக்குப்பிடிக்க ஒரு விளையாட்டுக்குப் பார்வையாளர்கள் வேண்டும். கட்டளை வந்ததும் குறித்த நேரத்துக்குள், பக்கத்தில் ஒருவர் வெளியேறிக்கொண்டிருக்கும்போது சுடுவதும் ஒரு திறமைதான். 2016 ரியோவில் அபினவ் பிந்த்ரா சமன்முறிவுக் குண்டில் தோற்று நான்காவதாக வெளியேறியதைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். அந்தத் திறமைக்கு மதிப்பெண் கொடுக்கலாம். முழு மதிப்பெண்ணையும் கொடுத்துவிட்டதுதான் தவறு. 2008 பெய்ஜிங்கில் பிந்த்ரா தங்கம் வென்றபோது இறுதிச் சுற்றில் அவர் எடுத்த 104.5 எட்டுப் பேரில் மிக அதிகம். தகுதிச் சுற்றில் 596; முன்னணியில் இருந்த ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனோ 598. இரண்டு புள்ளி பின்தங்கி வந்து, கடைசிக் குண்டில் 10.8 சுட்டு 700.5இல் முடித்தார். பழைய முறையிலும் இறுதிச் சுற்றின் திறமைக்கு இடம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதே பெய்ஜிங்கில் நாரங் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. எட்டாம் இடத்துக்கான புள்ளியை அவரும் எடுத்திருந்தார். சமன் ஆனதால் புள்ளிகளைக் கடைசியிலிருந்து எண்ணிப் பார்த்து வெளியே நிறுத்தினார்கள். அந்த ஆண்டே பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தகுதிச் சுற்றில் 600க்கு 600 எடுத்தார். மொத்தம் 703.5, அன்றைய உலக சாதனை. ஒலிம்பிக்கில் எடுத்திருந்தால் தெருவுக்கு அவர் பெயர் வைத்திருப்பார்கள். பாங்காக்கில் எடுத்ததால் அது விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் வந்து போனது.

நாரங்கின் விளையாட்டு வாழ்க்கை இப்படிப்பட்ட எண்களால் ஆனது. 2003 ஹைதராபாத் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில் தங்கம். 2006 மெல்போர்ன் காமன்வெல்த்தில் நான்கு தங்கம், 2010 டெல்லியில் மறுபடி நான்கு. அதே 2010இல் மியூனிக் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். 2004 ஏதென்ஸ் முதல் 2016 ரியோ வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக். ரியோவில் மூன்று பிரிவுகளில் சுட்டார்: ஏர் ரைஃபிளில் 23ஆவது, 50 மீட்டர் படுத்துச் சுடுவதில் 13ஆவது, மூன்று நிலைப் பிரிவில் 33ஆவது. அப்போது பலரும் "போதும், ஓய்வு எடுக்கலாம்" என்று எழுதினார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் படுத்துச் சுடும் பிரிவில் அந்த 13ஆவது இடம் எவ்வளவு நெருக்கமான கூட்டத்தில் வந்தது என்று பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

வயது இந்த விளையாட்டில் தடையில்லை என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஸ்லோவேனியாவின் ராய்மொண்ட் டெபெவெச் 1984 முதல் 2012 வரை எட்டு ஒலிம்பிக்கில் சுட்டவர். சிட்னியில் தங்கம், பெய்ஜிங்கிலும் லண்டனிலும் வெண்கலம். லண்டனில் அவருக்கு 49 வயது. ஓட்டத்திலோ நீச்சலிலோ இப்படி ஒரு பெயரைச் சொல்ல முடியாது. நடுவரின் தயவு வேண்டாம், உயரம் வேண்டாம், வேகம் வேண்டாம். குண்டு விழுந்த இடத்தை மின்னணுத் திரை தசமப் புள்ளியில் சொல்லிவிடும். இந்த நேர்மைதான் ஒருவரை இருபது, முப்பது வருடம் அந்தக் கோட்டிலேயே நிற்கவைக்கிறது.

ஆனால் மேலே சொன்ன அந்த நிலை, முதுகெலும்பை வளைத்துத் திருப்பி மணிக்கணக்கில் நிற்பது, உடம்பைச் சும்மா விடுவதில்லை. பெய்ஜிங்குக்கு முன்பு பிந்த்ரா முதுகுவலியால் ரைஃபிளையே தூக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. நீண்ட காலம் சுடுவதற்கு உடற்பயிற்சியாளரும் பிசியோதெரபிஸ்டும் வேண்டும். அது காசு. இன்னொன்று, விளையாட்டின் தலைமை அமைப்பு ஒரு கையெழுத்தில் வீரரின் பிழைப்பையே எடுத்துவிடலாம். ரியோவுக்குப் பிறகு படுத்துச் சுடும் 50 மீட்டர் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து போனது. லண்டனில் ஜாய்தீப் கர்மகார் நான்காம் இடம் பிடித்ததும், 2014 கிளாஸ்கோவில் நாரங் வெள்ளி வென்றதும் அந்தப் பிரிவில்தான். கலப்பு அணிப் பிரிவுகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காக அதை எடுத்தார்கள். பெண்களுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பெண்களின் ஏர் ரைஃபிளை 40 குண்டிலிருந்து 60 ஆக்கியது இந்த விளையாட்டு செய்த நல்ல காரியங்களில் முதன்மையானது. அதற்காக வயதில் மூத்தவர்களுக்கு மிகப் பொருத்தமான ஒரு பிரிவைப் பலி கொடுத்திருக்க வேண்டியதில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். நாரங் சென்னையில் பிறந்தவர், 1983இல். வளர்ந்தது ஹைதராபாத். இரண்டு வயதில் மெரினாவில் பலூன் சுட்டதுதான் தொடக்கம் என்ற கதை பலமுறை வந்திருக்கிறது. அதைவிட முக்கியமான கதை, மகனுக்கு ரைஃபிள் வாங்க அப்பா மனையை விற்றதும், குடும்பம் வருடக்கணக்கில் வாடகை வீட்டில் இருந்ததும். நம் பத்திரிகைகள் இதைப் பெற்றோரின் தியாகம் என்று நெகிழ்ந்து எழுதுகின்றன. எனக்கு அதில் நெகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வருகிறது. தியாகம் என்று சொல்லிவிட்டால், விற்க மனை இல்லாத வீட்டுப் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். ஜெர்மன் ரைஃபிள் லட்சங்களில் விற்கிறது; ஜாக்கெட், பெல்லட், போட்டிக்குப் போய்வரும் செலவு தனி. பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் கட்டிக்கொடுக்க முடிந்தது. இரண்டு பேரும் கடுமையாக உழைத்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. அதே உழைப்பு உள்ள மூன்றாவது ஆள் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நாரங்கே ஒரு பதில் சொல்லிப் பார்த்தார். 2011இல் பயிற்சியாளர் பவன் சிங்கோடு சேர்ந்து 'கன் ஃபார் குளோரி' பயிற்சியகத்தைத் தொடங்கினார். லண்டன் பதக்கத்துக்கு முந்தைய ஆண்டு அது. தன் உச்சத்தில் இருக்கும்போதே அடுத்தவருக்கு இடம் போட்டுக்கொடுத்தவர்கள் நம் விளையாட்டில் அதிகம் இல்லை. கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அங்கிருந்து வந்தவர். 2019இல் ரியோ உலகக் கோப்பையிலும், ஆண்டின் முடிவில் சீனாவின் புதியனில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், இப்போதைய தசமப் புள்ளிக் கணக்கில், 626.5 எடுத்து 16ஆவது. பாரிஸ் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்து 10ஆவது. அதே சுற்றில் ஐந்தாவதாக வந்து இறுதிக்குப் போன ரமிதா ஜிந்தல் எடுத்தது 631.5. அறுபது குண்டுகளுக்கும் சேர்த்து வித்தியாசம் 0.8. நம் செய்திகளில் ஒருவர் 'சாதித்தார்', மற்றவர் 'ஏமாற்றினார்'. ஒரு குண்டுக்குப் பங்கு போட்டால் அந்த வித்தியாசம் தசமத்துக்கு இரண்டாவது இடத்தில் போய் நிற்கும். இதை ஏமாற்றம் என்று எழுதும் கைக்கு இந்த விளையாட்டு பிடிபடவில்லை. இளவேனில் விட்டுவிடவில்லை. 2025இல் ஷிம்கென்ட் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 253.6 எடுத்துத் தங்கம், அதே ஆண்டு கெய்ரோவில் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம். இரண்டு ஒலிம்பிக் தாண்டிய பிறகு வந்தவை இவை.

பொத்தேரிக்காரனாக எனக்கு உறுத்துவது வேறொன்று. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜிஎஸ்டி சாலையின் இரு பக்கமும் கல்லூரிகள். பொத்தேரி ஸ்டேஷனில் காலை வண்டி வந்து நின்றால் எஸ்.ஆர்.எம். மாணவர் கூட்டம் மேம்பாலப் படியை அடைத்துக்கொண்டு ஏறும். கிரிக்கெட் கிட், பேட்மின்டன் மட்டை எல்லாம் தோளில் தொங்கும். ரைஃபிள் பெட்டி தொங்கி நான் பார்த்ததில்லை. இந்தப் பக்கத்து மக்களுக்குத் துப்பாக்கி என்றால் அனுமந்தபுரம் பயிற்சித் தளத்தின் வெடிச்சத்தம், அல்லது ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் சுடுதளம். இரண்டும் சீருடைக்காரர்களுடையவை. பிள்ளைகள் போய் நின்று பழகும் இடமாக யாரும் அவற்றை நினைப்பதில்லை. வேளச்சேரியில் குருநானக் கல்லூரிச் சுடுதளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா போட்டிகளின் துப்பாக்கிச் சுடுதல் அங்கேதான் நடந்தது. அதுவும் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

துப்பாக்கி என்றதும் லைசென்ஸ், போலீஸ், வம்பு என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். 50 மீட்டர் பிரிவின் .22 ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும் என்பது உண்மை. 10 மீட்டருக்கான 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு, அதிலிருந்து வெளிவரும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாதவரை, இந்தியச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. வெடிமருந்து கிடையாது, அமுக்கிய காற்றுதான். பத்து மீட்டர் சுடுவதற்கு ஒரு நீள அறையும், பின்னால் குண்டு தாங்கும் தடுப்பும், சரியான விளக்கும், கண்டிப்பான ஒரு பயிற்சியாளரும் போதும். ஆடிட்டோரியத்துக்கு ஏசி போடும் கல்லூரிகளுக்கு இது பெரிய செலவே இல்லை. நூலகத்தில் புத்தகம் கொடுப்பதுபோல் அங்கேயே வைத்துச் சுட ஆறு ரைஃபிள்களைக் கல்லூரி சொந்தமாக வாங்கி வைத்தால், மனையை விற்காத வீட்டுப் பிள்ளையும் அந்தக் கோட்டில் வந்து நிற்கலாம். முதல் இரண்டு வருடம் அவர்கள் பெரும்பாலும் ஒன்பதும் எட்டும்தான் சுடுவார்கள். அந்த இரண்டு வருடத்துக்குப் பதக்கம் எங்கே என்று கேட்காத ஒரு நிர்வாகமும் வேண்டும்.