பகைவர் எழுதி வைத்த வாழ்க்கைக் குறிப்பு

விக்கிப்பீடியாவில் உழைப்பவர்கள் தங்கள் பணிக்கு ஆதரவாக எப்போதும் ஒன்றைச் சொல்வார்கள்: வாக்கியத்துக்கு வாக்கியம் சான்று கொடுத்தாயிற்று, தகவற்சட்டம் போட்டாயிற்று, படமும் சேர்த்தாயிற்று, ஆகவே கட்டுரை மேம்பட்டுவிட்டது. ஓர் ஆற்றின் நீளத்துக்கோ ஒரு நகரத்தின் மக்கள்தொகைக்கோ இது போதும். மனித வாழ்க்கைக்குப் போதாது. வாழ்ந்த காலத்திலேயே வலிமையான எதிரிகளைச் சம்பாதித்துக்கொண்ட ஒரு கவிஞருக்கு இந்த முறை தீங்கே செய்கிறது. இங்கிலாந்தின் தொடக்ககால அரசவைக் கவிஞர்களைப் பற்றிய பதிவுகளைப் படித்தால் இது விளங்கும். அவர்களில் தாமஸ் ஷாட்வெல்லுக்கு நேர்ந்ததுதான் மிக மோசம்.

தன்னார்வலர்களின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கோலி சிப்பரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை சிறப்புக் கட்டுரை நிலைக்கு உயர்ந்திருக்கிறது. 1718இல் 30 வயதில் அரசவைக் கவிஞர் பதவிக்கு வந்து 1730இல் இறந்துபோன, இன்று எவரும் படிக்காத லாரன்ஸ் யூஸ்டெனுக்கும் ஒரு பக்கம் கிடைத்திருக்கிறது. 'சொந்த ஆய்வு கூடாது' என்ற விதி பல கிறுக்குத்தனங்களைத் தடுத்திருக்கிறது. இவையெல்லாம் உண்மை.

ஆனால், சான்றாகக் காட்டப்படும் நூல் அந்தச் செய்தியை எங்கிருந்து எடுத்தது என்று இந்த முறை கேட்பதே இல்லை.

ஜான் டிரைடன் புதிய அரசர் வில்லியமுக்கும் அரசி மேரிக்கும் விசுவாசப் பிரமாணம் எடுக்க முடியாமல் அரசவைக் கவிஞர் பதவியை இழந்தார். 1689இல் அந்த இடத்துக்கு வந்தவர் ஷாட்வெல். இருவரும் 1660களின் இறுதியிலிருந்தே நாடக முன்னுரைகளில் மோதிக்கொண்டவர்கள். நகைச்சுவை நாடகம் எப்படி இருக்க வேண்டும், பென் ஜான்சனை எவ்வளவு தூரம் பின்பற்றலாம் என்பதுதான் வழக்கு. அந்த மோதலின்போது டிரைடன் 'மக் ஃபிளெக்னோ' எழுதினார். மந்தபுத்தியின் அரசனான ஃபிளெக்னோ தன் வாரிசாக ஷாட்வெல்லுக்கு முடிசூட்டுவதாக அமைந்த அங்கதக் கவிதை அது. ஷாட்வெல்லின் பெயரை அதன் பிறகு உச்சரித்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் கவிதை வழியாகவே அவரை அறிந்தார்கள்.

1911ஆம் ஆண்டு பிரிட்டானிக்கா இந்தச் சண்டையை ஓர் ஒழுங்கில் சொன்னது. 1682இல் ஷாட்வெல் 'தி மெடல் ஆஃப் ஜான் பேயஸ்' என்ற வசைக் கவிதையை எழுதி டிரைடனைத் தாக்கினார். உடனே டிரைடன் அதே ஆண்டில் 'மக் ஃபிளெக்னோ' எழுதிப் பதிலடி கொடுத்தார். படிக்கத் தெளிவாக இருக்கிறது. முதலில் அடித்தவர் ஷாட்வெல், வாங்கிக் கட்டிக்கொண்டவரும் அவரே. பிரிட்டானிக்காவின் அந்தப் பதிப்புக்குக் காப்புரிமை இல்லாததால், 2001இல் பிறந்த விக்கிப்பீடியா அதன் பக்கங்களை நூற்றுக்கணக்கில் அப்படியே எடுத்துக்கொண்டது. ஷாட்வெல் கட்டுரைக்கும் அதுவே அடித்தளம்.

அந்த ஒழுங்கு தவறு. 1682 என்பது கவிதை அச்சேறிய ஆண்டு மட்டுமே. கவிஞர் ஜான் ஓல்டம் தன் கைப்பட எழுதிவைத்த பிரதி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் உள்ள ஆண்டு 1678. கவிதை குறிப்பிடும் ஷாட்வெல் நாடகங்களில் பிந்தியது, 1676இல் மேடையேறிய 'தி வர்ச்சுவோசோ'. அதாவது, அச்சுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கவிதை கையெழுத்துப் பிரதிகளாக இலக்கிய வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. 1682இன் வசைக் கவிதை ஷாட்வெல்லுடையதே என்று வைத்துக்கொண்டாலும் (அது பெயரில்லாமல்தான் வெளிவந்தது), ஏற்கெனவே ஊர் சிரிக்க அவமானப்பட்ட ஒருவர் எழுதியது என்றாகிறது. எழுதிய ஆண்டுக்குப் பதிலாக அச்சேறிய ஆண்டைப் போட்டதில் அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறிவிட்டார்கள்.

இப்போது ஒரு தொகுப்பாளர் இந்தக் கட்டுரையை மேம்படுத்த உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'உடனே பதிலடி' என்ற வாக்கியத்தில் 'சான்று தேவை' என்று யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அவர் தேடுகிறார். 1911 பிரிட்டானிக்கா கிடைக்கிறது. அதற்குப் பிறகு வந்து, அதையே பார்த்து எழுதிய இரண்டு கையேடுகளும் கிடைக்கின்றன. மூன்று அடிக்குறிப்புகள் ஏறுகின்றன, 'சான்று தேவை' குறி நீக்கப்படுகிறது. முன்பு சந்தேகத்தோடு படிக்கப்பட்ட பிழை இப்போது மூன்று சாட்சிகளோடு நிற்கிறது. இதற்கு மேம்பாடு என்று பெயர் வைப்பதை ஏற்கவே முடியாது.

'சொந்த ஆய்வு கூடாதே, நாங்கள் என்ன செய்வது?' என்று விதியைக் காட்டுவது பொருந்தாத சமாதானம். ஓல்டமின் பிரதியை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் அதை வைத்துக் காலத்தை நிறுவி நெடுநாளாகிறது. மாண்டேகு சம்மர்ஸ் 1927இலேயே ஷாட்வெல்லின் படைப்புகளை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டு ஆல்பர்ட் போர்க்மன் வாழ்க்கை வரலாறு எழுதினார். இவற்றைப் படிப்பது ஆய்வு அல்ல, கலைக்களஞ்சியம் எழுதுபவரின் அடிப்படைக் கடமை. கையில் இலவசமாகக் கிடைத்ததை வைத்து ஒரு மனிதரின் குணத்தைத் தீர்மானித்துவிட்டு, விதியின் பின்னால் ஒளிந்துகொள்வது நியாயமில்லை.

இந்தக் கதி ஷாட்வெல்லுக்கு மட்டும் நேரவில்லை. 1743இல் அலெக்சாண்டர் போப் தன் 'டன்சியட்' அங்கதக் கவிதையைத் திருத்தி, பழைய நாயகனை இறக்கிவிட்டு சிப்பரை அந்த இடத்தில் ஏற்றினார். சிப்பரைப் பற்றிய எந்தக் குறிப்பும் அந்த நிழலைத் தாண்டி வரத் திணறுகிறது. மற்றோர் அரசவைக் கவிஞரான நேஹம் டேட் என்றால் 'லியர் அரசன்' நாடகத்துக்கு மகிழ்ச்சியான முடிவு வைத்தவர் என்ற கேலிதான் முன்னால் வரும். இசையமைப்பாளர் பர்சலின் 'டைடோவும் ஈனியஸும்' இசைநாடகத்துக்குச் சொற்கள் தந்தவரும் அவரே என்பது பின்னால் தள்ளப்படும்.

ஷாட்வெல் பற்றிப் பின்னால் தள்ளப்பட்டவை இன்னும் அதிகம். 1688இல் 'தி ஸ்கொயர் ஆஃப் ஆல்சேஷியா' தொடர்ந்து 13 நாள் ஓடியது. மூன்றாம் நாள் வசூல் ஆசிரியருக்கு என்பது அன்றைய வழக்கம். அந்த ஒரு நாளில் அவருக்குக் கிடைத்தது 130 பவுண்டு, வழக்கமான கட்டணத்தில் நாடகம் நடந்த அரங்கம் அதுவரை கண்டிராத தொகை என்று நாடகக் குழுவைச் சேர்ந்த ஜான் டவுன்ஸ் பதிவு செய்திருக்கிறார். மந்தபுத்தியின் வாரிசு என்று கைப்பிரதிகளில் கேலி செய்யப்பட்டு பத்தாண்டுக்கு மேலான பிறகும் லண்டன் பார்வையாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்த நாடகாசிரியர் அவர்.

ஆகவே அந்தக் கட்டுரையில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் தகவற்சட்டம் அல்ல. 'மக் ஃபிளெக்னோ' 1676க்கு அருகே போக வேண்டும், ஓல்டமின் பிரதியைக் காரணமாகச் சொல்லி. 1682இல் நடந்தது அச்சேற்றம் மட்டுமே என்று எழுத வேண்டும். வசைக் கவிதை ஷாட்வெல்லுடையதாகக் கருதப்படுகிறது என்ற அளவில் நிறுத்த வேண்டும். 'உடனே பதிலடி' என்ற வாக்கியத்தை அதன் மூன்று அடிக்குறிப்புகளோடும் எடுத்துவிட வேண்டும்.