வீரனின் முதுகு

கிரேக்க புராணக் கதைகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஐரோப்பியச் சித்திரக்காரர்களுள், பரோக் யுகத்தின் வாயிலில் நின்ற ஹார்லெம் நகரத்து ஹெண்ட்ரிக் கோல்ட்ஸியஸைப் போல் என் மனத்தைக் கட்டிப்போட்டவர் வேறொருவர் இல்லை. 1590-ல் ரோமாபுரிக்குப் பிரயாணம் செய்து, ஃபர்னேஸே மாளிகையில் நின்ற, மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான ஹெர்குலிஸின் சலவைக்கல் சிலையைக் கண்ணாரக் கண்டு வரைந்து வந்த அவர், 1592 வாக்கில் அதைச் செப்பில் வடித்தபோது, அந்த மகாவீரனின் முகத்தை நமக்கு மறைத்து, முதுகைக் காட்டினார்.

சாகசங்கள் பல முடித்துக் களைத்த ஹெர்குலிஸ் தண்டாயுதத்தின்மேல் சாய்ந்து நிற்க, ஹெஸ்பெரிடீஸ் கன்னியரின் தோட்டத்திலிருந்து கிடைத்த பொற்கனிகள், முதுகுப்புறம் வளைந்த அவன் வலது கையில் இருக்கின்றன. சித்திரத்தின் கீழே, எதிர்ப்புறத்தில், இரண்டு மனிதர்கள் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்து வியக்கிறார்கள். அவர்கள் காணும் முகம் நமக்கில்லை. நாம் காணும் கனிகள் அவர்களுக்கில்லை. கதையின் சாரத்தை இவ்வளவு சூக்ஷ்மமாக, நிற்கும் இடத்தைக் கொண்டே உணர்த்திய கற்பனையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

இனி அந்தக் கோடுகள். செதுக்குளியை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளும்போது, ஆழ்ந்த இடத்தில் அதிக மை தங்கிக் கோடு பருக்கிறது. அழுத்தம் தளரத் தளர மயிரிழையாய் மெலிந்து மறைகிறது. குழந்தைப் பருவத்தில் தீயில் வெந்து, விரல்களை முழுதும் விரிக்க இயலாமற்போன வலது கையைக் கொண்டே, கோல்ட்ஸியஸ் இப்படிப் பருத்து மெலியும் கோடுகளைத் தசைநார்களின் மேடுபள்ளங்களோடு வளைத்து, அவை குறுக்கிடும் கட்டங்களுக்குள் சிறு புள்ளிகளையும் இட்டு, நிழலைச் சிறிது சிறிதாகக் கனக்கச் செய்கிறார். வண்ணம் ஒன்றுகூட இல்லாத தாளில் அந்த முதுகு மூச்சு விடுகிறது. பின்வந்த பரோக் காலச் செதுக்குநர்கள் இந்தக் கோட்டு வித்தையையே தங்கள் பாடமாகக் கொண்டார்கள்.

இச்சித்திரம் வெளியிடப்பட்டது, அவர் காலமான 1617-ல்தான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இதன் பிரதி இருக்கிறது. காணும் பாக்கியம் வாய்க்கும் ரசிகர்கள், முதலில் எட்ட நின்று உருவத்தைப் பாருங்கள். பிறகு பூதக்கண்ணாடியோடு நெருங்கி, தோளிலிருந்து இடைவரை ஒரே ஒரு கோட்டையாவது பொறுமையாகப் பின்தொடருங்கள்.