பேராதனைத் தூண்கள் யாருடையவை?

பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பற்றி எங்கட ஆக்கள் எழுதுவது குறைவு. எழுதினாலும் மகாவலி, மலை, பூமரம் என்று வர்ணனையோடு முடிந்துவிடும். பேச்சிலோ வேறு கதை: “அது முழுக்கச் சிங்களக் கட்டடக்கலை, அதில எங்களுக்கு என்ன இருக்கு?” என்னுடைய உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதற்குள் இருக்கும் முடிவு பிழையானது.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. வளாகத் திட்டத்தை அபர்குரொம்பியும் ஹொலிடேயும் வகுத்தார்கள். கட்டடங்களுக்கு உருவம் கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ். செனேற் கட்டடத்தின் கீழே வரிசையாக நிற்கும் தூண்களைப் பார்த்தால் கண்டி மகுல் மடுவ, அதாவது அரசனின் கொலுமண்டபம், ஞாபகம் வரும். சுதந்திர நாட்டின் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தேசிய முகம் தேவைப்பட்டது. அந்த முகம் கண்டியிலிருந்து எடுக்கப்பட்டது. தென்கிழக்கின் திண்ணை வீடோ யாழ்ப்பாணத்து நாற்சார் வீடோ அந்தத் தெரிவுக்குள் வரவில்லை என்ற விமர்சனம் நியாயமானதே.

ஆனால் அந்த மகுல் மடுவவைக் கட்டத் தொடங்கியது யார்? இராஜாதி ராஜசிங்கன். தென்னிந்திய வேர் கொண்ட நாயக்கர் வம்சத்து அரசன். செதுக்கியவர்கள் கண்டிக் கலைஞர்கள். கண்டி அரசர்களுக்கு மருந்து கொடுத்தவர்களில் முஸ்லிம் வைத்தியர்களும் இருந்தார்கள். இதைச் சொல்லி அந்தத் தூண்களில் பங்கு கேட்பது என் நோக்கமல்ல. ‘முழுக்கச் சிங்களம்’ என்று பெருமைப்படுகிறவரும், அதே சொல்லைச் சொல்லி ஒதுங்குகிறவரும் ஒரே பிழையான வரலாற்றைத்தான் நம்புகிறார்கள் என்கிறேன்.

அந்த வளாகத்து விரிவுரை அறைகளில்தான் கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் தமிழ் படிப்பித்தார்கள், பின்னாளில் நுஃமானும். 1960களில் வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றியதும் அங்கேதான். அதே காலத்தில் சுயமொழிக் கல்வி வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. ஒரே கூரையின் கீழ் சிங்களப் பிள்ளை ஓர் அறையிலும் தமிழ் பேசும் பிள்ளை இன்னோர் அறையிலும் இருந்து படிக்கும் வழக்கமும் வந்தது. எங்களைத் தூரமாக்கியது தூணின் செதுக்கலைவிட இந்த நேரசூசிதான் என்று நினைக்கிறேன்.

எனவே பேராதனைக் கட்டடக்கலையை ஆராய்கிறவர்கள் வரைபடத்தோடு நிற்கக்கூடாது. எந்த அறையில், எந்த மொழியில், யார் படித்தார்கள் என்பதும் கட்டடத்தின் வரலாறுதான். ஆரம்பகால முஸ்லிம் மாணவர்களில் இன்னும் எங்களோடு இருப்பவர்களிடம் இப்போதே கேட்டு எழுத வேண்டும்.